தம்பியை வரிசையில் நிறுத்தியவர்

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் ஸ்பான்சர் என்று ஓர் இனம் உண்டு. குடியுரிமை கிடைத்த மறுநாளே ஊரிலிருக்கும் தம்பிக்கு கிரீன் கார்டு மனுப் போட்டுவிட்டு, அது பழுக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகுமாதலால், அதுவரை அந்தக் குடும்பத்தை ஃபோனிலேயே ஆண்டுகொண்டிருப்பவர். தூரத்தில் தேடவேண்டாம். ஐசலின் என்ற அமெரிக்க ஊரில் காய்கறிக் கடை வைத்திருக்கும் கிட்டுசாமி, அதாவது நான், அதில் முதல் தரம்.

எட்டாங்கிளாஸ் தாண்டாதவன். வந்த புதிதில் அடுத்தவன் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். இன்று முருங்கைக்காய் வேண்டுமென்றால் டாக்டர்களே என்னிடம்தான் வரவேண்டும். அப்பேர்ப்பட்டவன் கோபியிலிருக்கும் தம்பி பசுபதியைச் சும்மா விடலாமா?

எந்த வருஷம் மனுப் போட்டவர்களை இப்போது கூப்பிடுகிறார்கள் என்று அரசாங்கம் மாதாமாதம் அறிவிக்கும். மகள் யாமினி கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வாள். உடனே தம்பிக்கு ஃபோன். "மூணு வாரம் நகர்ந்திருக்குடா" என்பேன், நானே தோள் கொடுத்துத் தள்ளிய மாதிரி. சில மாதம் தேதி பின்னால் போகும். அந்த மாதம் ஃபோன் செய்யமாட்டேன்.

கூடவே உத்தரவுகள். மாடி கட்டாதே, எப்படியும் பூட்டிவிட்டு வரப்போகிறாய். டிராக்டர் வேண்டாம். மகன் மகிழனுக்குப் பெண் பார்க்காதே, கல்யாணமானால் அவன் பெயர் மனுவிலிருந்து கழன்றுவிடும். எல்லாவற்றுக்கும் "சரிங்ணா" என்பான். பக்கத்துத் தெருவில் அவனுக்கு வீடுகூடப் பார்த்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் பேச, உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டாமா? யாமினியைக் கூப்பிட்டால் "டாட், ஐம் பிஸி" என்கிறாள்.

2008-இல் ஒருநாள் பசுபதியே கூப்பிட்டான்.

"மகிழனுக்குக் கல்யாணம் முடிவாயிருச்சுங்ணா."

"அப்ப கிரீன் கார்டு?"

"அது பாட்டுக்கு இருக்கட்டுங்ணா, எடுத்துராதீங்க. மாமனார் மாமியார் அமெரிக்கா போயிருவாங்கன்னு சொல்லித்தான் பொண்ணே கெடச்சுது."

"நீ வர்றியா இல்லையாடா?"

"மாடி கட்டி நாலு வருஷமாச்சு. டிராக்டர் வேற நிக்குது. இதையெல்லாம் உட்டுட்டு எங்கீங்ணா வர்றது?"

ஃபோனை வைத்தேன். என் மனைவி சாந்தாமணி கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "விடுங்க. பாவம், தப்பிச்சுட்டாரு."

எனக்கா மனசு தளரும்? இப்போது அவள் தம்பி மகாதேவனுக்கு மனுப் போடச் சொல்லி அவளை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துத் தெரு வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் ஊருக்குப் பேசும்போது தங்கச்சியிடம், "எதுக்கும் பாஸ்போர்ட் எடுத்து வை" என்றீர்களே, வருகிறேன் என்று அவள் கேட்டாளா?