சாக்கு என்று எழுதிய தலைவலிகள்

அன்பு மைத்துனனுக்கு, உன் அக்கா கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க எனக்குத் தகுதி உண்டா என்பதுதான் கீழே எழுதியிருக்கும் விஷயம்.

போன வாரம் நம் பெயிண்ட் பட்டறைக்கு ரசாயனப் பாதுகாப்புப் பயிற்சி தர ஒரு அம்மாள் வந்தார். ஃபோர்மேன் என்ற முறையில் நான் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, முன்னால் நின்று படிக்க நாலு பக்க வரவேற்புரையும் வைத்திருந்தேன். அவரோ, "நான் பாடம் நடத்த வரலீங்க, நீங்கதான் சொல்லப்போறீங்க" என்று நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிவிட்டார். வட்டத்தில் முன்பக்கம் எது என்று தெரியாமல் நான் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தேன். பிறகு ஆளுயரத் தாளில் ஓர் உடம்பை வரைந்து, வேலை நேரத்தில் எங்கே நோகிறதோ அங்கே ஆளுக்கொரு சிவப்புப் பொட்டு ஒட்டச் சொன்னார். பெயிண்ட் கரைக்கும் தின்னரில் உதிரிபாகம் கழுவும் மூலையிலிருந்து வந்த ஒன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தலையிலேயே ஒட்ட, கடைசி ஆள், "தலையில இடமில்லீங்க, பக்கத்துல ஒட்டட்டுமா?" என்று கேட்டான். "இது இதுக்கு முன்னாடி யாருக்குமே தெரியாதா?" என்றார் அந்த அம்மாள். எல்லோரும் மரியாதையாக என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியும். விடுப்புப் பதிவேட்டில் தலைவலி என்ற காரணத்துக்கெல்லாம் எதிரே 'சாக்கு' என்று எழுதியது என் கைதானே. "அத்தான், மதியத்துக்கு மேல தலை பிளக்குது" என்று அதே மூலையிலிருந்து நீ வந்து நின்றபோது, "எனக்கு வலிக்கலையே" என்றேன் பார், எனக்கு எப்படி வலிக்கும்? அந்த மூலைக்கென்று வாங்கிய எக்ஸாஸ்ட் ஃபேனை, தின்னர் வாடை தாங்கவில்லை என்று என் அறையில் மாட்டிக்கொண்டவனே நான்தான். அதற்குப் பிறகுதான் நீ வேலையையும் விட்டு, நம் வீட்டு வாசலையும் மிதிக்காமல் போனாய்.

ஃபேனைக் கழற்றி அந்த மூலையில் மாட்ட அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டேன். பதிவேட்டில் உன் பதினான்கு சாக்குகளையும் அடித்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். இனி அங்கே தாராளமாக மூச்சு விடலாம். கோபத்தை விட்டு உடனே புறப்பட்டு வா. உன் மனைவிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள்.

தவறை உணர்ந்த,
அத்தான்

பி.கு.: 'உடனே புறப்பட்டு வா' என்பதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். ஃபேனைக் கழற்றிய எலக்ட்ரீஷியன், மறுநாள் அதை மாட்டாமல், தலைவலி என்று விடுப்புக் கேட்டான். கைப்பழக்கத்தில் 'சாக்கு' என்று எழுதிவிட்டேன். அவன் இன்னும் திரும்பவில்லை. ஃபேன் என் அறைத் தரையில் கிடக்கிறது. மூன்று நாளாக மதியத்துக்கு மேல் எனக்கும் தலை பிளக்கிறது. இன்று பாதி வேலையில் வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சாக்கு சொல்லாம வேலைக்குப் போங்க" என்றாள்.