பெட்டியைக் கொண்டுபோனாய், ஈயை விட்டுப்போனாய்

இடைசெவல் விலக்கு,
தை மாதம், 1999

அன்புள்ள என்று எழுத மனமில்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று இருப்பதால், அன்புள்ள தம்பி வேல்சாமிக்கு அண்ணன் கடற்கரை எழுதுவது.

நீ உன் தேனீப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, ஈக்களில் பாதியை என் வேம்படியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். இது அநியாயம். மற்றதெல்லாம் இனிமேல்தான்.

இங்கு நான் சுகமில்லை. இடது காது வீங்கியிருக்கிறது. நீ சுகமாக இருப்பது மதிலுக்கு அந்தப் பக்கம் நீ சிரிக்கிற சத்தத்திலேயே தெரிவதால் தனியாக விசாரிக்கவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பவனுக்குத் தபால் எதற்கு என்று உன் மதினி வெயிலுகந்தம்மாள் கேட்கிறாள். உன்னோடு பேசுவதில்லை என்று பொங்கலுக்கு முன்பே சொல்லிவிட்டேன். சொன்னதை மாற்றுகிற வழக்கம் எனக்கு இல்லை. இந்தக் கடிதம் கோவில்பட்டி போய், முத்திரை குத்திக்கொண்டு, திரும்பி உன் வாசலுக்கு வரட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். பாகப்பிரிவினையில் தீப்பெட்டி ஆபீசும் வேம்பும் அதன் நிழலும் எனக்கு, மதிலுக்குக் கிழக்கே உள்ள புஞ்சை உனக்கு. வக்கீல் யாரும் இல்லாமல் நானே படித்துத் தெரிந்துகொண்டு எழுதிய பத்திரம் அது. அப்படியிருந்தும் உன் பெட்டிகள் என் நிழலில் இருந்தன. அந்திக்குள் எடு என்றேன். நீ தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டு நாள் பொறுங்கண்ணே. கயத்தாறுக்கு அங்கிட்டு கொண்டுபோயிக் கொஞ்சநாள் வச்சிருந்துட்டுத்தான் இங்கன கொண்டாரணும். பக்கத்துலயே மாத்துனா, மேயப் போன ஈ பழைய எடத்துக்கே வந்துரும்" என்றாய். "ஏலே, ஈ என்ன பட்டா பாத்தா வீட்டுக்கு வருது? இப்பமே தூக்கு" என்றேன் நான். நீ சொன்னதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாய்க்குள்ளேயே சொன்னாய். விஷயம் தெரிந்தவன் உரக்கச் சொல்ல வேண்டும். அது உன் தப்பு. இருட்டி ஈ அடைந்ததும் பெட்டிகளை மூடித் தூக்கி, மதிலுக்கு அந்தப் பக்கம் சூரியகாந்தி ஓரத்தில் வைத்தாய். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில், பெட்டி இருந்த அதே இடத்தில் என் நாற்காலியைப் போட்டு, பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாகக் கேட்டு வாங்கிய நிழல். பேப்பரில் பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் ஈக்கள் வந்தன. உன் சூரியகாந்தியில் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, பழைய வழியே வந்து, வாசலைத் தேடின. வாசல் முன்பு இருந்த உயரத்தில் இப்போது என் முகம் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பத்திரப்படி அது என் இடம். காதுக்குள் ஒன்று வழி பார்த்தபோது மட்டும் கையை வீசினேன், அதற்குத்தான் கொட்டு வாங்கினேன். நான் எழுந்ததும் மொத்த ஈயும் நாற்காலியில் அடைந்து, கருப்பட்டிச் சிப்பம் மாதிரி தொங்க ஆரம்பித்தன. நாற்காலியைத் தள்ளிப் போடுங்க என்றாள் உன் மதினி. ஏன் தள்ள வேண்டும்? தள்ளினால் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகாதா?

குச்சியை மருந்தில் முக்குகிற மாதவன், "அண்ணாச்சி, கொஞ்சம் புகை போட்டா ஓடிரும்லா" என்று ஆரம்பித்தான். கட்டைச் சட்டத்தில் குச்சி அடுக்கும் பெண்களில் மூத்தவள் முத்துத்தாய் அவனை முடிக்க விடவில்லை. "ஏலே கூறுகெட்டவனே, மருந்து ரூம் அங்கன இருக்கு, இங்கன புகை போடுவியா? ஈயோட சேந்து நாமளும் மேல போயிருவோம்!" அவள் சொன்னது சரி. 'தீ மூட்டாதே' என்று சுவரில் சிவப்பு மையில் எழுதிவைத்தவனே நான்தான். பீடி பற்றவைத்த லாரிக்காரனை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் தீக்குச்சி செய்து அனுப்புகிறவன் ஒரு குச்சியைக் கிழிக்க முடியாமல் ஈயின் முன்னால் நிற்கிறேன், இதை நீ மதில்மேல் தலையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் உன்னைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். சரி, தண்ணீர் ஊற்றினால் தீயா பிடிக்கப்போகிறது என்று வாளியை எடுத்து வீசினேன், ஈ ஒதுங்கிக்கொண்டது, தண்ணீர் நேராகப் போய் மருந்து முக்கிக் காயவைத்த கட்டைகள் மேல் விழுந்தது, ஒரு நாள் வேலை கூழாகிவிட்டது, ஒதுங்கிய ஈ அடுக்குகிற கொட்டகைக்குள் நுழைந்தது, பெண்கள் அத்தனை பேரும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். முத்துத்தாய் வாசலில் நின்று, "அண்ணாச்சி, ஒண்ணு நாங்க இருப்போம், இல்ல அது இருக்கும். அது போனாச் சொல்லிவிடுங்க, வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போனவள் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. ஏற்றச் சரக்கு இல்லையென்றால் அந்த வியாபாரி இனி என் வாசலை மிதிக்க மாட்டான். ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. நாற்காலியில் ஈ உட்கார்ந்திருக்கிறது. நான் நிற்கிறேன்.

ஆகவே, நீ உடனே வந்து உன் ஈக்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டு போக வேண்டும். மாதவன் உனக்குக் கூடை பிடிப்பான். முத்துத்தாயின் வீட்டுக்கு நீயே போய், இது உன்னால் வந்தது என்று சொல்லி அழைத்துவர வேண்டும். நாற்காலியைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

உன் மனைவி முத்துசெல்விக்கு என் ஆசீர்வாதம். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. உனக்குரிய ஆசீர்வாதம் ஈயை எடுத்தபிறகு.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
கடற்கரை

பி.கு.: ஸ்டாம்பு ஒட்டியபிறகு இதை எழுதுகிறேன். உன் மதினியும் உன் மனைவியும் மதில் வழியாக இத்தனை நாளும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. முத்துசெல்வி கொடுத்த பழைய தேனடை ஒன்றைத் தீப்பெட்டி பண்டல் போடுகிற காலிப் பெட்டிக்குள் கட்டி, பெட்டியை என் நாற்காலிமேல் கவிழ்த்து வைத்துவிட்டாள் உன் மதினி. நேற்று அந்தி நேரத்தில் ஈக்கள் ஆபீசுக்கு வேலைக்கு வருகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நடந்து போயின. கொட்டகையில் ஒன்றுகூட இல்லை. காலையில் முத்துத்தாயும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குச் சரக்கு ஆகிவிடும். எனவே நீ வந்து எதையும் பொறுக்க வேண்டாம். பத்திரத்தில் ஈயைப் பற்றி ஒரு வரி கிடையாது, நான் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன். உன் பெட்டியிலிருந்து தானாக என் இடத்துக்கு வந்தது என்னுடையது. ஆனால் ராணி இல்லாமல் இது நிலைக்காது, கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துத் தீர்ந்துவிடும் என்று முத்துசெல்வி சொன்னாளாம். முட்டை உள்ள அடை ஒன்றை இளம் ஈயோடு வைத்தால் அதுகளே ராணியை வளர்த்துக்கொள்ளுமாம். நேற்றுவரை மொத்தமும் ஒழியட்டும் என்றிருந்தேன். இன்று காலையில் பெட்டி வாசலில் ஒன்றிரண்டு செத்துக் கிடப்பதைப் பார்த்தபிறகு பேப்பர் படிக்க மனம் ஓடவில்லை. மேலே எழுதிய எதையும் நான் அடிக்கவில்லை, அநியாயம் அநியாயம்தான். தபால் சுற்றி வருவதற்குள் ஈ குறைந்துபோகும் என்பதால் இதை உன் மதினி மதில்மேல் நீட்டுவாள், நீ வாங்கிக்கொள்ள வேண்டும். இன்று அந்தியில் முட்டை உள்ள அடை ஒன்றை நீ கொண்டுவர வேண்டும். முத்துசெல்வி துணி போட்டு மூடித் தர வேண்டும். மாதவன் பெட்டியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நாற்காலி அங்கேயே இருக்கட்டும், நான் முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். நாம் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. அடையை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்பதை மட்டும் நீ சொல்ல வேண்டும். இந்தத் தடவை உரக்கச் சொல்ல வேண்டும்.