சிவப்பு பத்தவில்லை

"சிவப்பு பத்தல தம்பி. இன்னும் கொஞ்சம் ரத்தமா இருக்கட்டும்."

கோடவுன் மேசைக்குப் பின்னால் ஜம்மென்று உட்கார்ந்திருந்த பெரியவர் சொல்லி வாய் மூடவில்லை, சாஃப்ட்வேர்காரன் லேப்டாப்பில் நிறத்தைக் கூட்டிவிட்டான். பிளாஸ்டிக் பக்கெட் விற்கும் அந்தச் சின்னக் கோடவுனுக்கு அவன் செய்த திரை அது. எது எவ்வளவு இருக்கிறது, எது தீரப்போகிறது என்று முதலாளி எங்கிருந்தாலும் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளலாம். இன்று முதலாளி 'சரி' சொல்லாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று அவன் கம்பெனி மேனேஜர் கறாராகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். பாவம், பெரியவர் கிழித்த கோட்டை அவன் தாண்டுவானா?

"அம்பது பக்கெட்டுக்குக் கீழ போனாத்தானே சிவப்பாகுது? ஐந்நூறுன்னு வை."

"மொத்தமே நானூறுதாங்க இருக்கு!"

"இருக்கட்டுமே. வருமுன் காப்போம்."

வைத்தான். திரை முழுக்கச் சிவந்தது. உடனே மேனேஜரின் போன் வந்தது.

"என்னய்யா பண்ற அங்க? முதலாளி போன்ல கத்துறாரு. ஸ்கிரீன் பத்தி எரியுதாம்!"

"கத்துறாரா? எதிர்லதான் சார் இருக்காரு. வாயெல்லாம் பல்லு."

"அப்ப எனக்குக் காது கோளாறா? அவர் சொல்றபடி செஞ்சு தொலை!"

அவன் பயபக்தியுடன் பெரியவர் பக்கம் திரும்பினான்.

"ஆர்டர் போடுற பட்டனைப் பெருசாக்கு," என்றார் அவர். "'நிச்சயமா?'ன்னு ஒரு கேள்வி வருதே, அதைத் தூக்கு. நல்ல காரியத்துக்குக் கேள்வி எதுக்கு?"

தூக்கினான். மறுபடி போன்.

"பட்டனைத் தவிர ஒண்ணுமே தெரியலையாம்! மனுஷன் அழாத குறை!"

உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும் ஆள் போலிருக்கிறது என்று நினைத்து அவன் குனிந்து கேட்டான். "ஐயா, மனசுல எதையும் வெச்சுக்காம சொல்லுங்க. திருப்திதானே?"

"பரம திருப்தி! எங்க, வேலை செய்யுதான்னு பார்ப்போம்." பெரியவர் எட்டிப் பட்டனை அமுக்கினார். ஆயிரம் பக்கெட்டுக்கு ஆர்டர் போய்விட்டது. "உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கு தம்பி," என்று முதுகில் தட்டிவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே நுழைந்த கணக்கு எழுதும் அக்காவிடம் ஓடினான்.

"அக்கா, முதலாளி சரின்னுட்டாரு!"

"எப்ப? அவரு காலையிலேர்ந்து மாடி ரூம்ல ஸ்கிரீனைப் பார்த்துத் தலையில அடிச்சுக்கிட்டு இருக்காரு."

"அப்ப இப்ப போனவரு?"

"அவரா? பக்கெட் கம்பெனி சேல்ஸ்மேன் தம்பி."