கடைசி வார்த்தைக்கு நியாய ஊதியம்

மனிதகுலம் தோன்றிய நாள் முதல், அறிவுக்கு என்ன விலை என்று எவராலும் சொல்ல முடியவில்லை. ஒன்பதே கூட்டங்களில் நாங்கள் சொல்லிவிட்டோம்: ஒரு வார்த்தைக்கு அரை டீக் காசு.

எங்கள் வீட்டுப் பராமரிப்பு இணையதளத்துக்கு எழுதும் நிபுணர்களை யாரும் சுரண்டிவிடக் கூடாதே என்ற தவிப்பில் பிறந்ததுதான் ‘நியாய ஊதிய நிர்ணயக் குழு’. கௌரவத் தலைவர், அடியேன். உறுப்பினர், எங்கள் கணக்காளர். ஏசி அறை, நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நியாயத்துக்கு வேறென்ன வேண்டும்?

முதல் நிபுணர், முப்பது வருட அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன். வெந்நீர் ஹீட்டர் பழுதானால் என்ன செய்வது என்று எழுதச் சொன்னோம். மனிதர் ஒரே வரியை எழுதி நீட்டினார்: ‘மெயினை அணைக்காமல் ஹீட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.’

“ஆறே வார்த்தைதானா?” என்றேன்.

“உசுரைக் காப்பாத்த அது போதும் சார்.”

கணக்காளர் தொண்டையைச் செருமினார். “சார், நிபுணர் நிதியில நம்ம கூட்டத்து டீ, பிஸ்கட் செலவு போக, அஞ்சு வார்த்தைக்குத்தான் காசு தேறுது. கடைசி வார்த்தையைத் தூக்கிடலாம்.”

எலக்ட்ரீஷியன் பதறி எழுந்தார். “ஐயையோ! ‘வேண்டாம்’ங்கிறதை எடுத்தா குடி முழுகிடும் சார்! அதுக்குக் காசே வேண்டாம். சும்மாவே போடுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. “என்ன பேச்சுங்க இது? ஒரு தொழிலாளியோட உழைப்பைச் சும்மா வாங்கறதா? நான் தலைவரா இருக்கிறவரைக்கும் அந்த அநியாயம் நடக்காது!”

“அப்போ என் கட்டுரையைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

“அதுக்கு விதியில இடமில்லை,” என்றார் கணக்காளர்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் பெயரோடு வெளியானது: ‘மெயினை அணைக்காமல் ஹீட்டர் மூடியைத் திறக்க.’ ‘காண்க’, ‘அறிக’ என்பதுபோல ‘திறக்க’! என்ன கம்பீரம், என்ன சிக்கனம்! ஐந்து வார்த்தைக்கும் காசு பைசா பாக்கியில்லாமல் போய்ச் சேர்ந்தது. வீட்டிலும் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

மூன்றாம் நாள் எங்கள் வீட்டு ஹீட்டரே மக்கர் செய்தது. புருஷன் போட்டதாயிற்றே என்று நம்பி, என் மனைவி போனைப் பார்த்துக்கொண்டே மூடியைத் திறந்திருக்கிறாள்.

பிழைத்ததே பெரிய பாடு. வலது கை முழுக்கக் கட்டு. ஆனாலும் கடமை கடமைதானே! ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவசரக் கூட்டம் கூட்டி, ‘தவறான ஆலோசனை’ வழங்கிய எலக்ட்ரீஷியனைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். தீர்மானத்தை அவள் படுக்கையருகே போய் வாசித்தேன்.

“அந்த மனுஷன் என்னங்க தப்பு பண்ணினாரு? இப்பத்தான் வந்து நடந்ததைச் சொல்லி அழுதுட்டுப் போறாரு.”

“அவர் பேர்லதானே வந்திருக்கு? நான் அதுல ஒரு வார்த்தைகூட எழுதலையே!”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமா. நீங்க எழுதலை. எடுத்தீங்க.”