மைக்கை விடாமல் டோலியில் இறங்கியவன்

மேகமலை தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு ஆஸ்பத்திரி ஜீப் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். (பொய். நான் கொடுத்தது ஒரு கணுக்கால் மட்டும்.)

வாங்கிக் கொடுத்தவர் கிரேஸ் மேடம். பெரியகுளத்தில் சர்க்கார் அதிகாரியாக இருந்தவர். நல்ல காரியத்துக்கென்று பணம் வைத்திருக்கும் டிரஸ்டுகளுக்கு, அதை எங்கே போட்டால் உருப்படும் என்று வழி சொல்வதற்காகவே அந்த நாற்காலியை விட்டார். அவருக்கு நான் வாடகை ஜீப் ஓட்டினேன். எந்த ஊருக்குப் போனாலும் தரையில் உட்காருவார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். பிறகு வாயைத் திறக்கமாட்டார். ஜனங்கள் மனசில் இருப்பதையெல்லாம் தானாகக் கொட்டுவார்கள். (என்னை வாயை மூடச் சொன்னால் மூச்சு முட்டும்.)

அன்றைக்கு டிரஸ்ட் தலைவரை மேலே கூட்டிப் போகவேண்டும். லைன் வீடுகளுக்குப் பாதை போட்டு அங்கேயே ஒரு ஆஸ்பத்திரி ஜீப் நிறுத்துவதா, பணத்தை வேறு ஊருக்குக் கொடுப்பதா என்று அவர் நேரில் பார்த்து முடிவு சொல்வார்.

"சுருளி, யாருக்கும் சொல்லாதீங்க. சத்தமில்லாமப் போகணும்," என்றார் மேடம்.

"நான் எதுக்கு மேடம் சொல்லப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, நேராகச் சின்னமனூர் போய் மேளத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். பொன்னாடை, ஃபிளெக்ஸ், பேட்டரி மைக் எல்லாம் ஏற்பாடு. இவ்வளவு நல்லது செய்கிற மனுசியை மேளம் இல்லாமல் ஊருக்குள் விடுவதா? ஃபிளெக்ஸ் மூலையில் என் படமும் இருந்தது. (மூலை கொஞ்சம் பெரிசு.)

ஜீப் போகிற மட்டும் போய், மீதியை ஏறி நடந்தோம். லைன் வாசலில் மேளம் வெளுத்து வாங்கியது. மேடத்தின் முகம் செத்துப்போனது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

எங்கள் பக்கம் மேளம் கொட்டினால் வந்தவர் பெரிய மனுசர். பெரிய மனுசருக்கு ஆரத்தி எடுப்போமே தவிர, முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டோம். "இங்க உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று தலைவர் கேட்டதற்கு, ஆரத்தித் தட்டோடு நின்ற பாக்கியம் அக்கா சிரித்தார்.

"பெரியவுக வந்திருக்காக, எங்களுக்கு என்ன குறைங்கய்யா? நல்லா இருக்கோம்."

அத்தனை பெண்களும் தலையாட்டினார்கள்.

"அப்ப வேற ஊரைப் பார்க்கலாமா மேடம்?" என்றார் தலைவர்.

சரிசெய்கிறேன் பேர்வழி என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, தேயிலைப் பெட்டிகளை அடுக்கிப் போட்டிருந்த மேடையில் தாவினேன். "பெரியோர்களே" என்றபோது மேலே நின்றேன். "தாய்மார்களே" என்றபோது கீழே கிடந்தேன். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

பாக்கியம் அக்கா தட்டைக் கீழே வைத்தார். "ஏத்தா, கம்பளிய எடு! அந்தக் கம்ப உருவு!"

கண் மூடித் திறப்பதற்குள் டோலி கட்டி என்னைத் தொங்கவிட்டு, கீழே ஜீப்பைப் பார்த்து நடந்தார்கள்.

"ஏலே, எரும கணக்கா கனக்குற. ஆடாமக் கெட!"

மேடம் கூடவே நடந்தார். ஒரே ஒரு கேள்வி. "இதுக்கு முன்னாடி யாரை இப்படித் தூக்கினீங்க அக்கா?"

"எம் மூத்தவளத்தான். அந்தா, அந்தப் பாறைகிட்டயே பெத்துட்டா. கொட்டுற மழைல நாங்க சேலையப் பிடிச்சு மறைச்சுக்கிட்டு நின்னோம்."

அவ்வளவுதான். ஆளுக்கு ஒன்றாகக் கொட்ட ஆரம்பித்தார்கள். தலைவர் வந்து ஒரு முனைக்குத் தோள் கொடுத்தார். கொஞ்ச தூரத்தில் இறக்கிவைத்து, மூச்சு வாங்க, "பாதையை எங்கேயிருந்து போடணும் மேடம்?" என்றார்.

அது சரி, ஓட்டுகிறவன் படுத்துவிட்டானே, ஜீப்பை யார் இறக்குவது? மேடம் சாவிக்குக் கை நீட்டினார்.

"பயப்படாதீங்க சுருளி. வெள்ளத்துல அரிசி ஏத்திக்கிட்டுப் போனப்பப் பழகினது."

முதல் கொண்டை ஊசி வளைவில், கையில் இன்னும் இருந்த மைக்கில் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். இரண்டாவது வளைவில் மேடம் பிரேக்கை…

"ஏலே டோலி! எங்கன இருக்க? சின்னவளுக்கு வலி கண்டிருச்சு, ஜீப்ப எடு!"

கதை அப்புறம்; இப்போது கூப்பிடுவது பாக்கியம் அக்காதான். பாதை போட்டு லைனுக்கு ஜீப் வந்த நாளிலிருந்து அதை ஓட்டுகிறவன் நான். (டோலி என்பது நான். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.)

"வந்துட்டேன்க்கா!"

சாவியை எங்கே வைத்தேன்…