புதுசா ரெண்டு கட்டிக்கணும்

"ஏங்க, துணை தேடுற பொம்பளைங்க நம்ம வீட்டுலேர்ந்து ரெண்டே கிலோமீட்டர்ல இருக்காங்களாமே. யாருங்க அவங்க?"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. பேருந்து நிலைய அறிவிப்பாளர் ஷூவுக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக அப்படியே நின்றார்.

'நட்பறை' என்ற சமூக வலைத்தளத்தில் வீட்டுக்கே ஒரு கணக்குதான், அதுவும் அவர் பெயரில். அடுப்புக்குப் பக்கத்தில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து அவளும் அதில்தான் பார்ப்பாள்.

வினை முந்தின நாளே ஆரம்பித்துவிட்டது. "சோடா மூடியைப் பல்லாலேயே திறப்பேன்" என்று மனைவியிடம் இருபத்துநாலு வருஷமாக மார்தட்டிய மனிதர், நிலையத்துக் கேன்டீனில் அதைச் செய்துகாட்டப் போனார். முன்பற்கள் இரண்டும் ஆட்டம் கண்டன. மைக்கில் 'சிறப்புப் பேருந்து' என்றால் பேருந்துக்கு முன்னால் விசில் புறப்பட்டது.

வீட்டுக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறும். கமுக்கமாகப் பல் கட்டிக்கொள்ள வழி கேட்டுப் போனை வாயருகே கொண்டுபோனார். பக்கத்தில் டிக்கெட் குமாஸ்தா. அதனால் 'பல்லு' என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டுக் கிசுகிசுத்தார்:

"பழசு ரொம்ப ஆடுது. புதுசா ரெண்டு கட்டிக்கணும். வீட்டுக்குத் தெரியக் கூடாது."

போன் தன் புத்திக்கு எட்டியபடி புரிந்துகொண்டு, மறுநாளே நட்பறையில் அந்த விளம்பரத்தை இறக்கிவிட்டது.

"யாரோ தப்பா அனுப்பியிருக்காங்கம்மா" என்று சமாளித்தார்.

"தப்பாவா? 'உங்கள் விருப்பத்துக்கேற்ப'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு!"

டேப்லெட்டைப் பிடுங்கி மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். 'இந்த விளம்பரம் ஏன் வேண்டாம்?' என்று அது கேட்டது. யோக்கியமான மனிதர், 'ஏற்கெனவே வைத்திருக்கிறேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

சாயங்காலம் திரையில் கறுப்புக் கோட்டோடு ஒரு வக்கீல் வந்து நின்றார். 'ஒன்று இருக்கும்போதே இன்னொன்றா? விவாகரத்துக்கு எங்களை அணுகுங்கள்!' பெருக்கல் குறி கடுகளவு. அவர் விரலோ வாழைப்பழம். குத்தியது வக்கீலின் மூக்கில்.

'நன்றி! உங்கள் எண் கிடைத்தது. விரைவில் அழைப்போம்.'

வியர்த்துப்போனவர், "இவனுங்களுக்கு நம்மளப் பத்தித் தெரிஞ்சாத்தானே!" என்று தன் விவரங்களை ஒவ்வொன்றாக அழித்தார். வயதை அழித்தார். வேலையை அழித்தார். அதே வேகத்தில் மனைவியையும் அழித்தார்.

நட்பறை உடனே ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்தது: 'இவர் இப்போது தனிமரம். வாழ்த்துச் சொல்லுங்கள்!'

அறுபத்தொரு பேர் வாழ்த்தினார்கள். முதல் ஆள் டிக்கெட் குமாஸ்தா: "தைரியம் சார் உங்களுக்கு!"

மறுநாள் காலையில் கூடத்தில் மனைவியின் பெட்டி தயாராக நின்றது. அதைத் தூக்க அவள் தம்பியும் வந்துவிட்டான்.

"எங்கக்காவுக்கு என்ன குறைச்சல் அத்தான்? இந்த வயசுல ரெண்டு கேக்குதோ உங்களுக்கு?"

"ரெண்டு வேணும்தான்டா, ஆனா..."

"பாத்தியாடா, வாயாலயே சொல்றாரு!" மனைவி பெட்டியில் கை வைத்தாள்.

இனி மானமாவது மண்ணாவது! வாயைத் திறந்து முன்பல்லைப் பிடித்து ஆட்டினார். "இதுதான் ஆடுது! இதைத்தான் கட்டிக்கணும்னேன்!"

ஆட்டிய வேகத்தில் பல் கையோடு வந்துவிட்டது.

முதலில் மைத்துனன் சிரித்தான். பிறகு மனைவி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அட கூறுகெட்ட மனுஷா! இதையா மறைச்சீங்க?"

பெட்டி உள்ளே போனது. அறிவிப்பாளர் பொக்கை தெரியச் சிரித்த நேரம் போன் அடித்தது. ஒளிக்க இனி என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"வக்கீல் ஆபீஸ்லேர்ந்து பேசறேன் சார். உங்க நம்பர் வந்திருந்தது."

"கை தவறிப் பட்டுருச்சும்மா. இங்க எல்லாம் சமாதானமாயிருச்சு. அது சரி, நான் வக்கீலத் தேடவே இல்லையே, உங்க விளம்பரம் எப்படி என் கணக்குல வந்துச்சு?"

"நீங்க தேடல சார், மேடம்தான் அதே கணக்குல தேடி ஆறு மாசமா எங்ககிட்ட வந்துட்டிருக்காங்க. சமாதானம்னா, இன்னைக்குப் பதினோரு மணிக்கு அவங்க வரமாட்டாங்களா?"