பரிசத் தட்டும் ரெண்டு கதவுக் காரும்

ஒருவர் வாழ்க்கையில் எந்த இடத்தில் நிற்கிறார் என்று தெரிய அவரிடம் வயது கேட்க வேண்டியதில்லை. அவர் காரின் பின் சீட்டைப் பார்த்தால் போதும். பிஸ்கட் தூள் கிடந்தால் பிள்ளைகள் சின்னவர்கள். டியூஷன் பையும் பூப்பந்து மட்டையும் கிடந்தால் வளர்ந்துவிட்டார்கள். தைலப் புட்டியும் குடையும் கிடந்தால் வீட்டில் மாமியார் இருக்கிறார். ஒன்றுமே இல்லாமல் பளிச்சென்று இருந்தால், ஒன்று இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இல்லையென்றால் பிள்ளைகள் எல்லாரும் வீட்டைவிட்டுப் போய்விட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். துணி கொடுக்க வருகிறவர்கள் பேச்சையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு அம்மா தன் காரைப் பற்றிச் சொன்னார்: “காடியில பிள்ளைங்க சண்டை போட்டப்ப எப்படா எறங்குவாங்கன்னு இருந்துச்சுக்கா. இப்ப அந்தச் சத்தத்துக்குப் பதிலா ரேடியோவ வச்சுக்கிட்டுப் போறேன்.”

நானும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் கணவரின் மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போனேன். பிறகு ஒரு குட்டிக் கார். (மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும்.) பிறகு ஏழு பேர் உட்காரும் வண்டி. அதை நான் ஓட்டினேன் என்று சொல்வதைவிட, பஸ் நடத்தினேன் என்று சொல்லலாம். பிள்ளைகள், மாமியார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாரையும் ஏற்றி இறக்கினேன்.

மகள் ஜொகூருக்கு வேலைக்குப் போனாள், மகன் கதிர் தனியாக வாடகைக்குப் போனான், மாமியார் காலமானார். வண்டியில் ஏழு சீட்டு, உள்ளே நான் ஒருத்தி. ஐம்பத்தைந்து வயதில் அதை விற்றுவிட்டு ஒரு பழைய கார் வாங்கினேன். சிவப்பு. இரண்டே கதவு, பின் சீட்டே கிடையாது. தரையோடு தரையாகப் போகும் வகை.

“ரெண்டு கதவு காடி உனக்கு எதுக்குமா?” என்றார் கணவர்.

“மத்தவங்க தொறந்து விட்டுட்டுப் போன கதவையெல்லாம் இத்தன வருசம் நான்தானே சாத்தினேன். இனிமே சாத்த முடியாது, போங்க.”

இந்த வசனத்தைப் பேசியபோது எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. பெருமை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது அப்போது தெரியவில்லை. கிள்ளானில் நிறுத்தியது.

கதிர் விரும்பிய பெண் தீபா, கிள்ளான்காரி. அவளுடைய அப்பா மாணிக்கம் காலமெல்லாம் லோரி ஓட்டியவர். முதல்முறை பேசப் போனபோது என் காரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். (பார்ப்பதற்கு அதிக உயரம் இல்லை, சீக்கிரம் முடிந்துவிட்டது.) நாங்கள் கிளம்பியபின், “இந்த வயசுல இப்படி ஒரு காடி ஓட்டுற மாமியாகிட்ட என் பொண்ணு எப்படிக் குப்பை கொட்டுவா?” என்று மகளிடம் கேட்டாராம். அரை மனதோடு நிச்சயத்துக்குச் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலத்துக்கு முன்னால் பரிசத் தட்டு வீட்டுக்குள் வர வேண்டும். தவறினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்.

“அம்மா, அவரு ஒரு காரணம் தேடிக்கிட்டு இருக்காரு,” என்றான் கதிர். “நம்ம கையால கொடுத்திடாதீங்க. எல்லாரோடயும் வேன்ல வாங்க, ப்ளீஸ் லா.”

அவன் கெஞ்சியது எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. என் காரை ஒளித்து வைத்தால் நான் செய்தது தப்பு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? வேனில் சொந்தக்காரர்களும் மற்றத் தட்டுகளும் போகட்டும், முக்கியமான பரிசத் தட்டு என்னோடுதான் வரும் என்று அடம்பிடித்தேன். அதை மடியில் வைத்துக்கொள்ள என் கணவரின் அக்கா, பாக்கியம் அண்ணி, பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்கு. ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பேர் பிடித்து சீட்டுக்குள் இறக்கினோம்.

சுபாங் ஜெயா அருகே நெரிசல். அதைத் தாண்டிக் கிள்ளானுக்குள் போனால், பெண் வீட்டுத் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் காரின் வயிறு உரசி முனகியது. பட்டுப்புடவை, வெற்றிலை, மஞ்சள், தேங்காய் எல்லாம் தட்டில் குதித்தன.

“சரசு, காடி அழுவுதுடி.”

“அது அப்படித்தான் அண்ணி. தட்டைப் பிடிங்க.”

பெண் வீட்டு வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். ஆரத்தித் தட்டோடு பெண்கள், முன்னால் வீடியோக்காரர். வேனில் வந்தவர்கள் ஏற்கெனவே இறங்கி நின்றார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் புல்திட்டை ஒட்டி, படத்தில் வருகிற மாதிரி ஒரு வளைவு போட்டு நிறுத்தினேன். அண்ணி அவசரமாகக் கதவைத் தள்ளினார். கதவு புல்திட்டின்மேல் கையகலம் திறந்தது. இறங்குவதற்காக அவர் அந்தப் பக்கம் சாய்ந்தார். அவரோடு காரும் சாய்ந்தது. கதவின் அடிப்பகுதி மண்ணைக் கடித்துக்கொண்டது. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

உதவலாம் என்று நான் என் பக்கம் பாய்ந்து இறங்கினேன். முந்தானை சீட் பெல்ட்டில் மாட்டியிருந்தது. ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே, உடம்பு நடுவில். வரவேற்க ரோட்டுப் பக்கம் சுற்றி வந்த மாணிக்கத்தின் பாதங்களுக்கு முன்னால் இரண்டு கையும் இரண்டு முழங்காலும் ஊன்றிப் போய் விழுந்தேன். நெற்றி அவர் செருப்பைத் தொட்டது. மாப்பிள்ளையின் அம்மா. பட்டுப்புடவையில். எதிரே வீடியோ.

“ஐயோ, என்ன சம்பந்தி இது! எந்திரிங்க! நான் பொண்ணு தர மாட்டேன்னு சொல்லலையே!” என்று பதறிப்போனார் அவர்.

கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கத் தும்மினார். கதிர் வானத்தைப் பார்த்தான்.

“அக்கா, தட்டை மட்டும் ஜன்னல் வழியா கொடுத்திருங்க,” என்று ஒருவர் அண்ணியிடம் கை நீட்டினார்.

“பரிசத் தட்டை ஜன்னல்ல கொடுக்கவா? இது என்ன நாசி லெமாக் சோத்துப் பொட்டலமா?” என்றார் அண்ணி உள்ளே இருந்தபடியே. “நான் எறங்கி, என் கையால வாசல் வழியாத்தான் கொண்டாருவேன்.”

அவர் சொன்னதும் முறைதான். அப்படியானால் ஒரே வழி. மாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். “டேய், நாலு பேரு வாங்கடா! முன்னாடி யாரும் பிடிக்காதீங்க, பம்பர் கையோட வந்துரும். அடியில பிடிங்க!” பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், வீடியோக்காரரின் உதவியாளர் எல்லாரும் சேர்ந்து, அண்ணியையும் பரிசத்தையும் உள்ளே வைத்து, காரைத் தூக்கி ரோட்டுப் பக்கம் நகர்த்தினார்கள். அண்ணி தட்டைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கதவு திறந்தது. ஆரத்தி சுற்றினார்கள். ராகுகாலம் வருவதற்குள் தட்டு மாற்றினோம், மூச்சு வாங்கிக்கொண்டே.

சாப்பாடு முடிந்ததும் மாணிக்கம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் முழங்காலில் மஞ்சள் பற்று.

“கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. எதுக்குங்க இந்தக் காடி?”

வழக்கமான வசனம் வாய்வரை வந்தது. விழுந்தவளுக்கு வசனம் பொருந்தவில்லை. “ஏழு சீட்டுல தனியா போறது ஒரு மாதிரி இருந்துச்சுங்க,” என்றேன். “பின்னாடி திரும்பித் திரும்பிப் பாப்பேன். இதுல திரும்பிப் பாக்க ஒண்ணும் இல்ல.”

அவர் வாசல் பக்கம் காரைப் பார்த்தார். “லோரியை வித்தப்புறம் நானு சும்மாவே போய் ரோட்டோரம் நின்னுக்கிட்டு இருப்பேன்,” என்றார். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, “ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கவா?” என்று கேட்டார்.

சாவியைக் கொடுத்தேன். தாமானை ஒரு சுற்று சுற்றி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. இறங்க மட்டும் மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

கல்யாண விருந்தில் பெரிய திரையில் அந்த வீடியோவைப் போட்டார்கள். நான் விழுந்த இடம் மெதுவாக ஓடியது. அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும், ‘காலில் விழுந்து பெண் கேட்ட மாமியார்’ என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். முதலில் மறுத்தேன். இப்போது மறுப்பதில்லை. என்னைக் கண்டு பயப்பட வேண்டிய மருமகள், வந்த முதல் நாளே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். அது விழாமல் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

போன மாதம் கதிர் ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று வாங்கினான். தீபாவுக்கு இது ஆறாம் மாதம். மாணிக்கம் வந்து சுற்றிப் பார்த்தார், டயரைத் தட்டினார், கதவைத் திறந்து மூடினார்.

“காடி நல்லாதான் இருக்கு மாப்பிள்ள. ஆனா ரொம்ப உயரம். நாளைக்கு உங்க மவனுக்குப் பொண்ணு கேட்டுப் போறப்ப அம்மா காடிய எரவல் வாங்கிக்குங்க.”